பெட்டியில் அச்சுப் பிழை: பிழைக்கு விலை உண்டா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தோட்டத்திலிருந்து ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். உடன் அவருடைய மகன். நம்மிடம் ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளை. அப்போது பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். தாயின் கையில், ஈரம் படாமல் துண்டில் சுற்றிய ஓர் அட்டைப் பெட்டி இருந்தது.

"சார், இந்தப் பெட்டியில தப்பா அச்சடிச்சிருக்காம். தப்பா இருக்கறதாலேயே வெல ஏறுமாம். தங்கச்சி படிப்புக்கு எடுத்து வெச்ச காசுல பன்னெண்டு பெட்டி வாங்கணும்னு நிக்கிறான். அப்பா ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு. நீங்கதான் சார் சொல்லணும்" என்றார்.

பெட்டியை வாங்கிப் பார்த்தோம். பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிச் சேர்த்துச் செய்யும் மாதிரிக் கார் அது. முகப்பில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் படமும், 1957ஆம் ஆண்டு வண்டி என்ற குறிப்பும் இருந்தன. பக்கவாட்டில் அதே வண்டிக்கு 1975 என்று அச்சாகியிருந்தது. கடைக்காரர் தம்பியிடம் என்ன சொன்னார் தெரியுமா? "தவறு தெரிந்ததும் கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பன்னிரண்டு பெட்டிதான் மிச்சம். பத்து வருஷம் வைத்திருந்தால் பத்து மடங்கு" என்றாராம். ஒரு பெட்டி 95 வெள்ளி. பன்னிரண்டுக்கு 1,140 வெள்ளி. தங்கை பாலிடெக்னிக்கில் சேரும்போது வேண்டுமென்று வீட்டில் சேர்த்து வைத்திருந்தது 1,200 வெள்ளி. அது செம்பனைக் குலை வெட்டிய காசு.

பிள்ளையைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. "அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு சார். இன்னும் எத்தனை வருஷம் அரிவாள் தூக்குவார்? நானும் ஏதாவது செய்யணுமில்ல?" என்று கேட்டான். பேராசையில் கேட்ட கேள்வியல்ல அது. பாசத்தால் கேட்ட கேள்வி. அதனால் அதற்குச் சரியான விடை சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமையாயிற்று. அன்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் இந்த மாதிரிக் கார் என்னவென்று பார்ப்போம். எஃகு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்துகிறார்கள். கிளையில் காய் தொங்குவதுபோலச் சிறு சிறு உறுப்புகள் ஒரு சட்டத்தோடு ஒட்டி வெளியே வருகின்றன. வாங்குபவர் அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, வர்ணம் பூசி, பசை தடவிக் காராக்குகிறார். அமெரிக்காவில் பெரும்பாலும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள உண்மையான கார் மேசையில் இருபது சென்டிமீட்டராகிவிடும். அங்கே ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் 1958இல், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்யக்கூடிய கார்களை வெளியிட்டது. கடையில் வந்தபடியும் செய்யலாம், அலங்கரித்தும் செய்யலாம், பந்தய வண்டியாகவும் செய்யலாம். ஜப்பானில் ஷிசுவோகா நகரிலுள்ள தாமியா நிறுவனம் 1946இல் மரத் தொழிலாகத் தொடங்கிப் பின்னர் மாதிரிப் பொருள்களுக்குப் புகழ் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எஃகு அச்சு எளிதில் தேய்ந்து போவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே அச்சை வெளியே எடுத்து அதே காரை மறுபடியும் வார்க்கலாம், வார்க்கவும் செய்கிறார்கள். அப்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஏறக்குறைய பழையதுதான். மேலே இருக்கும் பெட்டிதான் புதிது. ஆகவே, பழையதைத் தேடிச் சேர்ப்பவர் இது முதல் வெளியீடா, மறுவெளியீடா என்பதைப் பெட்டியைப் பார்த்துத்தான் அறிகிறார். வெறும் அட்டைதானே என்று நாம் நினைக்கும் பெட்டிக்கு மதிப்பு வந்த காரணம் இதுவே. மேலும், வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் காரைச் செய்து முடித்ததும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எல்லாரும் எறியும் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவரிடம் அது அரிய பொருளாகிறது.

ஆக, பெட்டிக்கு மதிப்பு உண்டு என்று தம்பி நம்பியது முழுத் தவறில்லை. ஆனால் பெட்டிக்கு மதிப்பு உண்டு என்பது ஒரு பேச்சு. பெட்டியிலுள்ள பிழைக்கு மதிப்பு உண்டு என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் அந்தக் கடைக்காரர் வியாபாரம் பேசினார்.

பிழை எப்படி வருகிறது என்று பார்ப்போம். அது மூன்று இடங்களில் வரலாம்.

முதலாவது, எழுதும் இடம். மூலப் படியை எழுதியவர் 1957 என்பதை 1975 என்று எழுதிவிட்டார். சரி பார்த்தவரும் கவனிக்கவில்லை. அந்தப் பிழை அச்சுத் தட்டிலேயே ஏறிவிடுகிறது. அந்தத் தட்டில் அச்சாகும் பெட்டி ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் அத்தனையிலும் அதே பிழை இருக்கும்.

இரண்டாவது, அச்சு இயந்திரம். வண்ணப் படத்தை நீலம், செஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று தனித்தனித் தட்டுகளால் ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்கிறார்கள். தாள் கொஞ்சம் நகர்ந்தால் படம் இரட்டையாய்த் தெரியும். ஒரு நிறம் விட்டுப் போனால் படம் வெளிறும். பழைய இயந்திரங்களில் இரண்டாம் முறை தாளைத் தலைகீழாகச் செருகிவிட்டால் ஒரு பகுதியே தலைகீழாகும். இத்தகைய தவறு சில தாள்களோடு நின்றுவிடும். யாராவது பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, பொருளை அடைக்கும் இடம். ஒரு காரின் பெட்டிக்குள் வேறொரு காரின் உறுப்புகள் போய்விடும். தொழிற்சாலையிலும் இது நடக்கலாம். கடையிலோ வீட்டிலோ யாரேனும் மாற்றி வைத்தாலும் நடக்கலாம். பெட்டியைத் திறந்த பிறகு எது எங்கே நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அச்சுப் பிழையைப் பல தலைமுறைகளாகக் கணக்கெடுத்து வைத்திருப்பவர்கள் அஞ்சல் தலை சேகரிப்போர். அவர்களுடைய வரலாற்றிலிருந்து மூன்று கதைகளைச் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக் கேளுங்கள்.

முதற்கதை. 1918ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் விமான அஞ்சல் தொடங்கியது. அதற்காக 24 காசு விலையில் ஓர் அஞ்சல் தலை வெளியிட்டார்கள். சுற்றுச் சட்டம் சிவப்பு. நடுவில் உள்ள விமானம் நீலம். இரண்டு நிறத்தையும் இரண்டு முறையாக அடித்தார்கள். மே 14ஆம் நாள் வாஷிங்டன் நகரத்து அஞ்சலகத்தில் வில்லியம் ரோபி என்பவர் நூறு தலைகள் கொண்ட ஒரு தாளை 24 டாலருக்கு வாங்கினார். பார்த்தால், நூறிலும் விமானம் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது! சில நாள்களில் அதை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த நூறில் ஒரே ஒரு தலை 2023 நவம்பரில் இருபது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. வெளியே வந்தது ஒரே ஒரு தாள் என்பதால்தான் இந்த விலை.

இரண்டாம் கதை. 1956ஆம் ஆண்டு அப்போதிருந்த கிழக்கு ஜெர்மனி, ராபர்ட் ஷூமன் என்ற இசையமைப்பாளரை நினைவுகூர்ந்து அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் உருவத்துக்குப் பின்னால் இசைக் குறிப்பு ஒன்றைப் போட்டார்கள். அந்த இசையோ ஷூபர்ட் என்ற வேறொருவருடையது! ஒருவர் படமும் மற்றொருவர் பாட்டும். தவறு தெரிந்து, சரியான இசையோடு மறுபடி வெளியிட்டார்கள். விமானத் தலையைவிட இது பெரிய அவமானமல்லவா? ஆனாலும் பிழையான தலை இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கிறது. பிழை தட்டிலேயே இருந்ததால் அடித்த அத்தனையிலும் அது இருந்தது. எல்லாரிடமும் இருப்பதற்கு யார் அதிக விலை கொடுப்பார்?

மூன்றாம் கதை. 1961இல் விமான விபத்தில் மறைந்த ஐக்கிய நாடுகள் சபைத் தலைமைச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட் நினைவாக, 1962 அக்டோபரில் அமெரிக்கா 4 காசு அஞ்சல் தலை வெளியிட்டது. அதில் சில தாள்களில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்துவிட்டது. நியூ ஜெர்சியில் நகைக்கடை வைத்திருந்த ஒருவரிடம் அத்தகைய தாள் ஒன்று அகப்பட்டது. அவருக்குப் பெரும் பணம் கிடைக்கப் போகிறது என்று ஊர் பேசியது. அஞ்சல் துறைத் தலைவர் எட்வர்ட் டே என்ன செய்தார் தெரியுமா? அஞ்சல் துறை சூதாட்டக் களமன்று என்று கருதி, அதே பிழையோடு வேண்டுமென்றே நான்கு கோடித் தலைகளை அச்சடித்து விற்கச் சொல்லிவிட்டார். அரிய பொருள் அங்காடிச் சரக்காகிவிட்டது. பிழை மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது.

இந்த மூன்று கதைகளும் ஒன்றையே சொல்கின்றன. விலை பிழைக்கு அன்று, அருமைக்கு. அந்த அருமையும் போதாது. அதை விரும்பித் தேடுகிறவர் நாலு பேராவது இருக்க வேண்டும். அஞ்சல் தலைக்கு நூற்றாண்டுக்கும் மேலாக அச்சான பட்டியல்கள் உண்டு. எந்தப் பிழை எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையா போலியா என்று ஆராய்ந்து சான்று கொடுக்கும் வல்லுநர்களும் உண்டு. மேலும், அஞ்சல் தலையில் அச்சுத்தான் பொருள். மாதிரிக் காரில் அச்சு மேலுறை மட்டுமே. பெரும்பாலான சேகரிப்பாளர் முதலில் கேட்பது: எந்தக் கார்? முதல் வெளியீடா? உறுப்பு ஒன்றும் குறையாமல் இருக்கிறதா? ஒட்டுப்படத் தாளும் செய்முறைத் தாளும் உண்டா? பெட்டி நசுங்கவில்லையே? இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் பிழை. நல்ல பொருளுக்கு அது கொஞ்சம் சுவை கூட்டலாம். யாரும் தேடாத பொருளைத் தேட வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சமையலில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறே இல்லாத இலையில் உப்பை மட்டும் வைத்து யாரை விருந்துக்கு அழைப்பது?

இன்னொரு விந்தையும் உண்டு. பத்தாயிரம் பெட்டி பிழையோடு வந்து, கடைசி ஐந்நூறு மட்டும் திருத்தப்பட்டு வந்தால், அரியது எது? திருத்திய பெட்டிதான்! ஆகவே "இது பிழையானது" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு மதிப்பை முடிவு செய்ய முடியாது. இரண்டு வகையும் எவ்வளவு வந்தன என்று தெரிய வேண்டும்.

நேயர்களே, இதையெல்லாம் நாம் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில், ஒரு மாதப் படியில் பாதியைக் கொடுத்து, நிறம் சற்று விலகிய ஓர் அஞ்சல் தலையை வாங்கினோம். பல ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்தோம். பிறகு விவரம் தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்டினோம். பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிழை அல்ல, அசட்டை. இந்த அளவுக்கு விலகியது ஆயிரக்கணக்கில் இருக்கும்" என்றார். அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பாமல் விட்ட பணம்தான் அன்று நம் கண்முன் வந்து நின்றது.

அந்தத் தம்பிக்கு இந்தக் கதையையும் சொன்னோம். "நீ வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. ஐந்து கேள்விக்கு விடை தேடிக்கொண்டு வா. பிறகு பேசலாம்" என்றோம். அந்த ஐந்து கேள்விகள் இவை.

ஒன்று: பிழை தட்டில் உள்ளதா, இயந்திரத்தில் நேர்ந்ததா? வேறு ஊர்க் கடையில் இதே பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு: திருத்திய பெட்டி உண்மையாகவே வந்திருக்கிறதா? வந்திருந்தால் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்று: இந்தக் காரை விரும்புகிறவர்கள் இருக்கிறார்களா? பிழையில்லாத பெட்டிக்கே ஆள் இல்லையென்றால் பிழையான பெட்டிக்கு ஏது?

நான்கு: இத்தகைய பெட்டி உண்மையில் என்ன விலைக்கு விற்றிருக்கிறது? கைத்தொலைபேசியில் பார்த்தால் ஆயிரம் வெள்ளி, இரண்டாயிரம் வெள்ளி என்று போட்டிருப்பார்கள். அது கேட்கும் விலை. கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. யாரோ ஒருவர் பணம் எண்ணிக் கொடுத்து வாங்கிய விலையைப் பார்க்க வேண்டும்.

ஐந்து: போட்ட பணம் முழுதும் போனாலும் வீட்டில் எந்தக் காரியமும் நிற்காதா?

"கடைசிக் கேள்விக்கு இப்பவே விடை தெரியும் சார்" என்றான் தம்பி, தாயின் முகத்தைப் பார்க்காமல். தாய் எதுவும் பேசவில்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி மட்டும் வந்தான். விடுமுறை நாளில் பேருந்தேறி வேறொரு பட்டணத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு பெரிய கடையில் அதே கார் அடுக்கடுக்காக இருந்ததாம். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றிலும் 1975 என்றே இருந்தது. விலையும் 70 வெள்ளிதான். திருத்திய பெட்டி என்று ஒன்று வந்ததாகவே அந்தக் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

"ஏமாந்திருப்பேன் சார்" என்றான். குரல் அடைத்தது. ஏமாறவில்லை அப்பா, விசாரித்தாய் என்று சொன்னோம். விசாரிப்பதற்குத்தான் படிப்பு. அந்தப் படிப்புக்கு வைத்த பணம் அப்படியே இருந்தது. தங்கை அந்த ஆண்டே பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். முன்பே வாங்கியிருந்த அந்த ஒரு பெட்டியை அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பிரித்து, பத்து நாள் இரவு ஒட்டி முடித்தார்கள். நீல நிறக் கார் இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில், அப்பாவின் படத்துக்குக் கீழே நிற்கிறது. பெட்டியை எறிந்துவிடாமல் நம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிழை திருத்தும் பாடம் நடத்தும்போது அதை மாணவர்களிடம் காட்டி, "எங்கே தவறு, கண்டுபிடியுங்கள்" என்று கேட்கிறோம். அந்தப் பெட்டி அந்த வகையில் நல்ல பயன் தருகிறது.

பெற்றோர்களே, இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் எதையும் சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிடாதீர்கள். சேர்ப்பது நல்ல பழக்கம். கண்ணைக் கூர்மையாக்கும், பொறுமையை வளர்க்கும், உலகத்தைப் பற்றிக் கேட்க வைக்கும். இங்கிலாந்தில் லெஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டு வரலாம் என்று விதி இருந்ததாம். மகளுக்காக அவர் தீப்பெட்டியில் அடங்கும் சிறிய சாலை உருளை வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்தே 1953இல் மேட்ச்பாக்ஸ் கார்கள் பிறந்தன. இன்று அவற்றின் பழைய காரும் பெட்டியும் சேர்ந்து இருந்தால் சேகரிப்பாளர் தேடி வாங்குகிறார்கள். மகளின் மகிழ்ச்சிக்காகச் செய்த ஒன்றுதான் பிறகு மதிப்பும் பெற்றது.

வீட்டில் பழைய பெட்டியோ, பிழையாக அச்சான பொருளோ இருந்தால் உடனே எறியவும் வேண்டாம். உடனே கனவு காணவும் வேண்டாம். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். நாளானால் அது மஞ்சளாகி அட்டையையும் கெடுக்கும். வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் மங்கிவிடும். தரையில் வைத்தால் நம் ஊர் ஈரமும் கரையானும் சும்மா விடா. உயரமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். விற்பவர் கண்ணாடித் தாள் சுற்றி "பிரிக்காத பெட்டி" என்று சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் தாளைக் கடையிலேயே மறுபடி சுற்றிவிட முடியும்.

ஆகவே, பிழையான பெட்டிக்கு விலை உண்டா என்று கேட்டால் நம் விடை இதுதான்: சிலவற்றுக்கு உண்டு. பிழை மிகச் சிலவற்றில் மட்டும் இருந்து, அது தொழிற்சாலையில் நேர்ந்தது என்பதற்குச் சான்றும் இருந்து, அந்தக் காரையே விரும்பித் தேடுபவரும் இருந்தால் உண்டு. மற்றபடி அது வெறும் எழுத்துப் பிழைதான். விளையாட்டுக்கு வைத்த காசில் ஒரு பெட்டி வாங்குங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். படிப்புக்கு வைத்த காசை மட்டும் எந்தப் பெட்டிக்காகவும் தொடாதீர்கள்.